பாவாயியின் புல்லுவண்டி திருப்பிய வீடுகள்

ஊசிக்காட்டுப்புதூரில் முதன்முதலாகத் திரும்பிய கட்டடம் பால் சொசைட்டிதான். ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி, மழை விட்டு ஈரம் காயாத நேரம். கறவைக்காரர்கள் கேனும் தூக்குப்போசியுமாக வரிசையில் நின்றுகொண்டிருக்க, மேற்கே தார்ரோட்டைப் பார்த்து முப்பது வருஷமாக நின்ற அந்தக் கட்டடம், தன் படிக்கட்டோடும், படியருகே இருந்த வேப்பமரத்தோடும், மரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியோடும், வரிசையில் முன்னால் நின்ற ஆறு பேரோடும் மெல்லச் சுற்றி, வடக்கே இட்டேரி மண்பாதையைப் பார்த்து நின்றுகொண்டது. உள்ளே பால் அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. ரோட்டில் நின்ற பதினாலு பேர் மட்டும், வாசல் இருந்த இடத்தில் வெறும் பக்கச்சுவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங், அஞ்சே காலுக்கே வந்து நிக்கறோம், இப்பப் போயி மறுபடியும் கடைசியில நிக்கச் சொன்னா எப்படிங்க?" என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை பொங்கல் வரைக்கும் ஓயவில்லை. கட்டடம் திரும்பியதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. யாருக்கு முன்னால் யார் நின்றது என்பதுதான் பேச்சு.

திருப்பியது யார் என்றால், பாவாயி. நாற்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, பேசினால் பட்டென்று பேசுவாள், பேசாவிட்டால் வருஷக்கணக்காகப் பேச மாட்டாள். ஊருக்கு மேற்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருந்ததே, சேர ஆள் இல்லாமல் மூடினார்களே, அங்கே பதினொரு வருஷம் தோட்டவேலை பார்த்தவள். சாமான்களை ஏலம் விட்டபோது பெஞ்சுக்கும் மின்விசிறிக்கும் அடிதடி, ஆனால் ஷெட்டில் நின்ற புல்வெட்டும் வண்டியைச் சீந்த ஆள் இல்லை. எப்படிச் சீந்துவார்கள்? உழாது, பாரம் இழுக்காது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு கோயில் நோம்பிக்குப் போகாது. நம் பக்கத்தில் புல் என்றால் அது மாட்டுக்கு. மாடு இருக்கிற ஊரில் புல்லை வெட்ட ஒரு மோட்டார் வண்டி எதற்கு? ஜீரோ டர்ன் என்று அதற்குப் பேர். ஸ்டியரிங் கிடையாது; தொடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கைப்பிடி, ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தால், இருந்த இடத்தை விட்டு ஒரு சாண் நகராமல் அங்கேயே சுற்றும். வயிற்றுக்கடியில் கத்தி; கத்தி வெட்டுகிற புல் தடித்த குழாய் ஒன்றில் பறந்துபோய் இருக்கைக்குப் பின்னால் மாட்டிய பெரிய பையில் விழும். ரெண்டு எருமைக் கன்றுகளை விற்று அதை எடுத்துவந்தாள் பாவாயி. பித்துப் பிடித்திருக்கிறதா என்று கேட்காத வாய் இல்லை. புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, வீட்டில் உட்கார்ந்தால் எதற்கென்று தெரியாமல் எழுந்துவிடுவாள், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்துவிடுவாள், அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் உடம்பும் மனசும் கொஞ்சம் அடங்கும். அவ்வளவுதான் காரணம்.

வண்டியை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் கோடையில் டயருக்குள் இருபத்தேழு வேலமுள் ஏறியது. சும்மா நின்றதில் பேட்டரி செத்தது, டாங்கியில் தேங்கிய பெட்ரோல் நாறி ஒட்டிக்கொண்டது, எலி வயரைக் கடித்தது. காலேஜில் புல்வெளி மெத்தை மாதிரி இருந்ததால் பை நிறைவது பெரிய விஷயமாக இல்லை, இங்கே மேட்டாங்காட்டுக் கரட்டில் ஓட்டும்போது பை நிறைந்தால் முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பியது. பழைய மண்டி எடைக்கல் ரெண்டை முன்னால் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். ஈரப்புல் குழாயை அடைத்தால் இறங்கி, தென்னை மட்டையால் குத்திவிட வேண்டும். இப்படி ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டு, மழைக்கு அப்புறம் கூலிக்கு வெட்டலாம் என்று பால் சொசைட்டி வாசலில் முதல் வேலை எடுத்தாள். அங்கேதான் கேன் கழுவிய தண்ணீர் தினமும் ஓடி முழங்கால் உயரத்துக்கு அருகம்புல் நின்றது. பை நிறைந்தது. கொட்டிவிட்டு வரலாம் என்று கைப்பிடிகளை எதிரும் புதிருமாக இழுத்தாள். வண்டி பார்த்த திக்கையே பார்த்துக்கொண்டிருக்க, அடியில் இருந்த மனைதான் சுற்றியது. கைப்பிடியை விட்டதும் நின்றது. பையைத் திறந்தால் பச்சைப் புல் ரெண்டு மாதம் வெயிலில் கிடந்தது போல வெளுத்துப்போய், கனமே இல்லாமல் இருந்தது.

அப்புறம் ஊரே கூடி அதன் சட்டதிட்டங்களைக் கண்டுபிடித்தது. பை காலியாக இருந்தால் வண்டி ஒழுங்காக எல்லா வண்டியையும் போலத்தான் சுற்றும். முக்கால் பைக்கு ஒன்றும் நடக்காது, முட்ட முட்ட நிறைந்திருக்க வேண்டும். ஒரு பைக்கு ஒரு திருப்பம். தானாக முளைத்த காட்டுப் புல்லை எத்தனை பை அடைத்தாலும் பருப்பு வேகாது; ஒரு மனுஷர் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லாக இருக்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்க ஒரே ஒருத்தர் முன்வந்தார், வெளியூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர், அவரையும் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்ததில் அடங்கிவிட்டார்.

மனையடி சாஸ்திரம் பார்க்கும் திருமூர்த்திக்குத்தான் வாழ்வு வந்தது. அதுவரைக்கும் அவர் ஒரு வீட்டுக்கு வந்து, "வாசல் மேற்கால இருக்குது, அதான் புள்ளைக்கு வரன் தட்டிப்போகுது" என்றால், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, யாராவது வீட்டை இடிப்பார்களா? இப்போது இடிக்க வேண்டாமே, புல் வளர்த்தால் போதுமே. இரண்டாம் மழைக்காலத்துக்குள் ஊசிக்காட்டுப்புதூரில், குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற அந்த ஊரில், வீட்டுக்கு வீடு வாசலில் பச்சைப் பசேலென்று புல். பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் புல்லுக்கு. கட்டுத்தறியில் மாடுகள் அந்தப் பச்சையைப் பார்த்து நாக்கை நீட்டிக் கத்த, "மூடீட்டுக் கெட, அது உனக்கில்ல" என்று அதட்டிவிட்டு அவற்றுக்கு வைக்கோலைப் போட்டார்கள். வரன் வேண்டியவர்கள் கிழக்கே திருப்பினார்கள். வழக்கு ஜெயிக்க வேண்டியவர் வடகிழக்கே திருப்பி, தோற்று, மறுபடியும் புல் வளர்த்து வடக்கே திருப்பினார்.

ஊர் இதற்கெல்லாம் எப்படிப் பழகிக்கொண்டது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் பழகுகிற மாதிரிதான். லைன்மேன் ஒவ்வொரு வீட்டுக் கம்பத்திலும் ரெண்டு சுற்று ஒயரைத் தாராளமாக விட்டுவைத்தார். பைப் கடைக்காரர் வளைகிற குழாயை லாரியில் இறக்கினார். பத்திரம் எழுதுகிறவர், வடக்கால இன்னார் வீடு, தெற்கால இன்னார் வீடு என்று எல்லை எழுதிவிட்டுக் கடைசியில் 'திருப்பத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். தபால்காரர் கதவு எண்ணை விட்டுவிட்டு ஆள் பேரைச் சொல்லி நடுத்தெருவில் நின்று கத்தினார், கேட்டவர்கள் எந்தப் பக்கம் வாசலோ அந்தப் பக்கமாக ஓடிவந்தார்கள். வீடு திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் எண்ணெய்ச் சட்டியை மட்டும் இறக்கிவைத்தால் போதும், குழம்பு கொதிக்கலாம், தாலாட்டலாம், சீரியல் பார்க்கலாம்.

மூன்றாம் மழைக்காலம் முடிந்தபோது, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி, திருமூர்த்தி சொன்னதைக் கேட்டுக் கேட்டு, ஏறக்குறைய எல்லா வீடும் கிழக்குப் பார்த்து நின்றுவிட்டது. நல்லதுதானே என்கிறீர்கள். எல்லோரும் கிழக்கே பார்த்தால் யார் வாசலுக்கு எதிரிலும் யார் வாசலும் இல்லை! கதவைத் திறந்தால் முன்வீட்டின் பின்சுவர், அந்த வீட்டுக் கதவைத் திறந்தால் அதற்கு முன்வீட்டின் பின்சுவர். காலையில் கோலம் போடுகிற பெண்கள் தலையை நிமிர்த்தினால் கழிவுநீர்க் குழாயும் ஜன்னல் கம்பியில் காயும் உள்பாவாடையும் தெரிந்தன. ரசத்துக்குக் கொஞ்சம் புளி கேட்கிறவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள், சுவர் பதில் சொல்லாததால் கடைக்குப் போனாள். சண்டைகள் குறைந்துபோயின, எதிரில் ஆள் இருந்தால்தானே சண்டை? ரெண்டு மாதம் அதைப் பெருமையாகச் சொன்னவர்கள் மூன்றாம் மாதம் சண்டைக்கு ஏங்கினார்கள். யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு உண்ட கையோடு எழுந்து, யாராவது தென்படுகிறார்களா என்று சொந்த வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், பின்வீட்டுக்காரரும் அதே மாதிரி சுற்றுகிறபோது எதிர்ப்பட்டால் சிரித்துக்கொண்டு, "சும்மா, நடந்தேனுங்க" என்பார்கள்.

அந்த ஊரில் நேருக்கு நேர் பார்த்து நின்ற வாசல் இரண்டே இரண்டு மிச்சம். ஒன்று பாவாயியுடையது, தெற்குப் பார்த்தது. அதற்கு எதிர்ச்சாரியில், வடக்குப் பார்த்தது, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சென்னியப்பனுடையது. வடக்கு வாசல் குபேர வாசல் என்று திருமூர்த்தியே சொல்லிவிட்டதால் அண்ணன் வீட்டைத் திருப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் பாவாயியின் வாசலைப் பார்த்து திருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். "எமன் திக்கு அம்மணி. உம்பட ஊட்டுக்காரர் போனதுக்கே அதான் காரணம். ஊருக்கெல்லாம் திருப்பறே, உனக்குத் திருப்பிக்க மாட்டயா?" என்றார்.

"எம்பட வாசல்ல புல்லு மொளைக்க மாட்டீங்குதுங்க," என்றாள் பாவாயி.

பொய். நன்றாகத்தான் முளைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் விடிந்தும் விடியாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு தளிர் விடாமல் அவளே செதுக்கி எறிந்தாள்.

அண்ணனோடு அவள் பேசி ஏழு வருஷம் ஆகிறது. புருஷன் செத்த வீட்டில், பிறந்த வீட்டுக்காரன் கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்ற சடங்கெல்லாம். அன்றைக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது, பறை அடிக்கிறவர்கள் ரெண்டு தடவை டீ குடித்தார்கள், எதிர்வீட்டுக் கதவு சாத்தியது சாத்தியபடியே இருந்தது. கடைசியில் பெரியப்பா மகன் ஒருத்தன் டவுனுக்கு ஓடி ஒரு சேலையை வாங்கிவந்து போட்டான். வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்கள் பார்த்த பார்வையைப் பாவாயி மறக்கவே இல்லை. கூடப்பிறந்தவன் கைவிட்டான் என்று அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அண்ணனும் வந்து சமாதானம் சொல்லவில்லை.

ஆனால் வாசல் எதிரெதிராக இருந்ததே, அதை என்ன செய்ய? காலையில் அவள் தண்ணீர் தெளிக்கும்போது அவர் படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். தலையில் துண்டு கட்டியிருந்தால் காய்ச்சல். காளை உதைத்த கால் மழைக்கு முன்னால் இழுக்கும், அவர் நடையைப் பார்த்துத்தான் பாவாயி வடாம் காயப்போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அவர் தாடி வெளுத்தது, பல் விழுந்தது, மூக்குக்கண்ணாடி போட்டது எல்லாம் இந்த வாசலில் நின்று அவள் பார்த்ததுதான். பேச்சு இல்லையே தவிர, ஒரு நாள் அவரைப் பார்க்காவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

நாலாம் மழைக்காலம். புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலையில் அண்ணன் மொபெட்டில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். அவிழ்த்துக் கொட்டினார். அருகம்புல் கரணைகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இழுக்கிற காலை ஒரு பக்கமாக நீட்டி உட்கார்ந்து, தன் வாசலைக் கொத்தி ஒவ்வொரு கரணையாக நட ஆரம்பித்தார். பாவாயி விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

குபேர வாசலை யாராவது திருப்புவார்களா? அப்படியென்றால் திக்குக்காகத் திருப்பவில்லை. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்புகிறார். அதுவும் என் வண்டியை வைத்து, என் கையாலேயே! அன்றைக்குச் சோறு வடித்தாள், உண்ணவில்லை.

அதற்கப்புறம் அந்த ரெண்டு மாதம் அவள் பட்ட பாடு. தினமும் காலையில் அண்ணன் குடம் குடமாக எடுத்துவந்து கையால் தெளிப்பார், அவள் கதவிடுக்கில் நின்று பார்ப்பாள். புல் பிடித்துக்கொண்டது. ஒரு விரற்கடை ஆனது, ரெண்டு ஆனது. ஐப்பசி மழை வேறு இந்த வருஷம் பார்த்து வஞ்சகம் இல்லாமல் பெய்தது. அவளுக்கு ஒரு வேலையிலும் கை நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், பால் பொங்கி வழியும். வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொருத்தர் வீட்டைத் திருப்பப் போவாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நினைவு எங்கோ போய் வீடு கிழக்கைத் தாண்டித் தெற்கே வந்து நின்றுவிடும், அவர்கள் திட்டுவார்கள். ஊரை எல்லாம் சுற்றிவிட்டவளுக்கு இப்போது தன் காலடியில் தரை சும்மா கிடக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் தன் வெள்ளாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஆடு நேராகப் போய் அண்ணன் வாசலில் கால்வாசியை மேய்ந்தது. அண்ணன் வெளியே வந்தார், பார்த்தார், கல்லை எடுப்பார் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. காதைப் பிடித்து மெதுவாக ஓட்டிவந்து, அவள் முளைக்குச்சியிலேயே கட்டிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பிப்போய், மேய்ந்த இடத்தில் மறுபடியும் நட்டார். பாவாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கார்த்திகையில் அண்ணன் பொண்டாட்டி பொன்னாத்தா தெருவைக் கடந்து வந்தாள். ஏழு வருஷத்தில் அவள் இந்தப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே வராமல் நின்றபடியே, "புல்லு வளந்துருச்சு, வண்டிய எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு," என்றாள்.

"வண்டி பெல்ட்டு அந்துபோச்சு நங்கையா," என்றாள் பாவாயி. அண்ணியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நேத்து மாரப்பன் ஊட்டைத் திருப்பிப்போட்டு வந்தயே?"

"எந்தத் திக்குக்காமா?" என்றாள் பாவாயி.

"எங்கிட்டச் சொல்லல. வந்தாச் சொல்றேன்னாரு. நானும் ஆன மட்டும் கேட்டுப் பாத்தாச்சு, வாயத் தொறந்தாத்தான?" பொன்னாத்தா பெருமூச்சு விட்டாள். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே வார்ப்பு."

மறுநாள் காலையில் பாவாயி வண்டியை எடுத்தாள். கத்தி தீட்டியிருந்தது, எடைக்கல் கட்டியிருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் படியில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் அவள் வாசலுக்குள் வண்டியை விட்டாள். கத்தியை நாலு விரற்கடை மேலே ஏற்றி வைத்துக்கொண்டாள், நுனியை மட்டும் மேய்ந்துபோகும், பை நிறையாது, ஒரு பை நிறையாவிட்டால் திருப்ப முடியாது, இன்னும் பதினைந்து நாளோ ஒரு மாதமோ தள்ளிப்போகும் என்பது கணக்கு. மூன்று நடை போய்வந்தாள். திரும்பிப் பார்த்தாள். முக்கால் பை.

அண்ணன் வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தரையைக் குனிந்து பார்த்தார், வெட்டாமல் விட்ட புல்லைக் கையால் தடவினார். உள்ளே போய்க் கருக்கருவாளை எடுத்துவந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அடியோடு பிடி பிடியாக அறுத்துப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

பாவாயி இன்ஜினை அணைத்தாள். ஏழு வருஷத்து வாய் திறந்துகொண்டது.

"அத்தன அவசரமா உனக்கு? ஏழு வருசமாப் பாத்த மூஞ்சி, இன்னும் பத்து நாளு பாத்தாக் கண்ணு அவிஞ்சா போயிரும்?"

அண்ணன் அருவாளைப் புல்லில் துடைத்தார். "ரொம்பிருச்சா பாரு," என்றார்.

"ரொம்பிருச்சு. திக்கைச் சொல்லு, திருப்பிப்போட்டுப் போறேன். கெழக்கா, மேக்கா? எம்பட ஊடு கண்ணுல படாத திக்கு எதுவோ அதச் சொல்லு."

"எம்பட ஊட்டை எதுக்குத் திருப்பறே?" என்றார் அண்ணன். "வண்டிய உம்பட வாசலுக்கு ஓட்டு."

அவளுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் புரியவில்லை. அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "தெக்கு வாசல் ஆவாது அம்மணி. நானும் நாலு வருசமாப் பாக்கறேன், ஊருக்கெல்லாம் மொளைக்குது, உம்பட வாசல்ல மட்டும் ஒரு தழை மொளைக்க மாட்டீங்குது. இந்த மழையோட நீயாத் திருப்பிக்குவ, அடுத்த மழையோட திருப்பிக்குவன்னு இருந்தேன். வளத்துன புல்லு யாரு வளத்துனா என்ன? அதான் நம்ம வாசல்ல வெச்சு வளத்துனேன்."

பாவாயி வண்டியை விட்டு இறங்கினாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை, எது வந்தாலும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும், கோபமாகவே வந்தது. "மொளைக்காம என்ன? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான் செதுக்கி எறியறேன்!"

"எதுக்கு?"

"எதுக்கா? திருப்பிப்போட்டா உன்னைய எங்க போயிப் பாக்கறது? கால் இழுக்குதா, காச்சல் வந்துதான்னு நான் யாரைக் கேக்கறது? பேசத்தான் மாட்டீங்கறே, பாக்கறதும் வேண்டாமா எனக்கு?" அவள் அழுதுவிட்டாள். தெருவில் சொந்த வீட்டைச் சுற்ற வந்தவர்கள் ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள், அவள் பொருட்படுத்தவில்லை. "இத்தன பாசம் இருக்கறவன் அன்னைக்கு எதுக்குக் கோடி கொண்டாரல? ஒறம்பரை முன்னால என்னைய எதுக்கு நிக்க வெச்ச?"

அண்ணன் படியில் உட்கார்ந்தார்.

"எடுத்து வெச்சிருந்தேன்," என்றார். "சேலைய மடியில வெச்சுக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நின்னேன். நீ அழுவற சத்தம் கேக்குது, என்னால கதவத் தொறக்க முடியல. உனக்குக் கண்ணாலத்துக்குச் சேலை எடுத்த கை அம்மணி இது. அதே கையில அந்தச் சேலையப் புடிச்சுக்கிட்டு உம்பட மூஞ்சிக்கு நேரா எப்படி வருவேன்? அதச் சொல்லோணும்னுதான் தெனமும் வாசப்படியில வந்து உக்காருவேன். நீ தலைய நிமித்துவ. சொல்ல வராது."

பொன்னாத்தா கதவருகில் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செரி, போனது போச்சு," என்று அண்ணன் எழுந்தார். குரலைக் கொஞ்சம் கெட்டிப்படுத்திக்கொண்டார். "வண்டிய ஓட்டு. பச்ச வாடறதுக்குள்ள திருப்பிப்போடு. எமன் திக்கைப் பாத்துக்கிட்டு இருக்கற ஊட்டுல உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, உனக்குப் பொறந்த ஊட்டுக் கோடியும் நாந்தான் கொண்டாரோணும். என்னால ஆவாது. எனக்கு முந்தி நீ போகப்படாது, சொல்லிப்போட்டேன்."

ஏழு வருஷத்துக்கு அப்புறம் பேச வந்தவர் பேசிய பேச்சைப் பாருங்கள்! பாவாயிக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. அவள் வண்டிக்குப் பின்னால் போனாள். பையின் கொக்கியைக் கழற்றினாள். ஈரப்புல், முட்ட முட்ட அடைத்தது, ஒருத்தர் தூக்குகிற பாரம் இல்லை. அடியைப் பிடித்து ஒரே மூச்சில் கவிழ்த்தாள். ரெண்டு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வளர்ந்த புல் முழுக்க நடுத்தெருவில் கொட்டியது, பச்சை வாசனை ரெண்டு வீட்டுக்குள்ளும் போனது. கட்டுத்தறியில் நின்ற அண்ணன் வீட்டுப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"ஏ அம்மணி! என்ன காரியம் பண்டற!" என்று அண்ணன் ஓடிவந்தார்.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் எப்பப் போறேன்னு உங்கிட்டக் கேட்டுட்டா போவ முடியும்? போனா, அன்னைக்காச்சும் நேரத்துக்குச் சேலையக் கொண்டாந்து சேரு. ஊட்டைத் திருப்பிப்போட்டா, அந்தக் காலை இழுத்துக்கிட்டு நீ நாலு ஊடு சுத்தி வரோணும்." அவள் குனிந்து ஒரு கை புல்லை அள்ளி அவரிடம் நீட்டினாள். "இப்படியே இருந்தா நேரா வந்தர்லாம்ணா. இந்தா, மாட்டுக்குப் போடு."